மறந்தாரை மறவாமை

இலக்கியம் காலத்தைக் காட்டும் கண்ணாடி என்பர் அறிஞர். கண்ணாடி தன் முன் வந்து நிற்பதைத்தான் காட்டும். நம் தமிழிலக்கியத்தின் முன் முதுமை ஈராயிரம் ஆண்டுகளாக வந்து நிற்கிறது. நரையும் திரையும், கோலும் கூனும், இருமலும் தனிமையும் பாடப்பட்டிருக்கின்றன. ஆயினும் முதுமையின் ஒரு முகம் மட்டும் அண்மைக்காலம் வரை அக்கண்ணாடியில் தெளிவாக விழவில்லை. பெற்ற மகனை ஏற இறங்கப் பார்த்து, “தம்பி எந்த ஊரு?” என்று கேட்கும் தந்தையின் முகம் அது. அம்முகத்தை நம் எழுத்து எவ்வாறு கண்டது, எங்கே காணத் தவறியது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டு வழக்கில் இதனைப் ‘புத்தி தடுமாற்றம்’ என்போம். ஈழத்தமிழர் ‘அறளை பெயர்தல்’ என்பர். மருத்துவர் ‘டிமென்ஷியா’ என்கின்றனர். ‘முதுமை மறதி’ என்பது இப்போது பரவிவரும் தமிழ்ப்பெயர். 1906-ஆம் ஆண்டு அலாய்ஸ் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், தாம் கவனித்துவந்த ஒரு பெண்மணியின் மூளையில் கண்ட மாற்றங்களை மருத்துவர் அவையில் எடுத்துரைத்தார். இம்மறதியின் முதன்மையான வகை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. இது நரையைப் போல எல்லார்க்கும் வரும் முதுமைக் குணம் அன்று. மூளையைப் பற்றும் நோய். 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று, நம் நாட்டில் 60 வயது கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது.

இத்தீவுகளில் வாழும் நமக்கு இச்செய்தி இன்னும் நெருக்கமானது. நாம் இங்கே, பெற்றோர் அங்கே. இடையில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். கப்பலில் மூன்று நாள். விமானமென்றால் கட்டணம் நம் கையைக் கடிக்கும். அரசு ஊழியர்க்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச்சம்பள விடுப்பு. 1972-ஆம் ஆண்டின் விடுப்பு விதிகளில் குழந்தை பராமரிப்பு விடுப்பு என்ற பெயர் பின்னாளில் ஏறிவிட்டது. பெற்றோரின் பெயர் அவ்வாறு ஏறவில்லை. எனவே இரவும் பகலும் ஆள் துணை வேண்டிய பெற்றோரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை பலர்க்கு வருகிறது. அப்போது ஊரார் சொல்லும் ஒரு சொல்லும், நம் மனமே நமக்குச் சொல்லும் ஒரு சொல்லும் உண்டு. இரண்டையும் நாம் பெரும்பாலும் நம் இலக்கியத்திலிருந்தே கற்றிருக்கிறோம் என்பது எம் கருத்து.

நினைவே முதுமையின் செல்வம்

புறநானூற்றின் 243-ஆம் பாட்டு முதுமையைப் பாடியவற்றுள் தலையாயது. பாடியவரின் இயற்பெயர்கூட நமக்குக் கிட்டவில்லை. ஊன்றுகோலைக் குறித்துத் தாம் ஆண்ட தொடரால் ‘தொடித்தலை விழுத்தண்டினார்’ என்று அறியப்படுகிறார். கோலூன்றி நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொற்களே பேச முடிகிற கிழவர் அவர். மணற்பாவைக்குப் பூச்சூட்டியதும், மகளிரோடு கைகோத்து ஆடியதும், மருதமரக் கிளையேறி மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்ததும் அவர் நினைவில் நேற்று நடந்தவைபோல் நிற்கின்றன. உடல் தளர்ந்தது, நினைவு தளரவில்லை. இளமையை இழந்த துயரமே பாட்டின் உயிர். அத்துயரத்தை உணரத் தெளிந்த நினைவு வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இப்பாட்டு வகுத்த வழியிலேயே பிற்காலத் தமிழ் முதியோரும் நடந்தனர். நம் கதைகளில் பாட்டனார் என்றால் பழங்கதையின் களஞ்சியம். பாட்டி என்றால் பரம்பரையின் ஏடு. மறப்பவர் எப்போதும் பிள்ளைகளே. ஊரை மறந்தான், உறவை மறந்தான், பெற்றவளை மறந்தான் என்று பிள்ளையின் மறதியைத்தான் நம் எழுத்து இடித்துரைத்தது. பெற்றவரே மறந்துபோனால் யார் யாரை இடித்துரைப்பது?

மறதி குற்றமா?

திருக்குறளில் மறதிக்கென ஓர் அதிகாரமே உண்டு. ஐம்பத்து நான்காவதான பொச்சாவாமை அது. அங்கே மறதி கடிந்து பேசப்படுகிறது. அளவு மீறிய சினத்தினும் கொடியது என்கிறார் வள்ளுவர். ஆனால் அவர் கடிவது எந்த மறதியை? உவகை மிகுதியால் தன் கடமையில் சோர்ந்திருக்கும் மறதியை. அரசியலில் வைத்துச் சொன்ன இக்கருத்து, கருத்துடன் இருக்க வல்லவன் கருத்தின்றி இருத்தலைப் பற்றியது. வல்லமையே நோயால் பறிபோனவரை அது சுட்டாது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. “வேணும்னே மறந்த மாதிரி நடிக்கிறார்,” “காசு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கு” என்று முதியோர் மீது சீறும் குரல்கள் எத்தனை வீடுகளில் எழுகின்றன! நோயைப் பொச்சாப்பாகக் கொள்வதால் வரும் பிழை இது. குளித்ததை மறப்பதும், உண்டதை மறந்து மறுபடி சோறு கேட்பதும் ஒழுக்கக்கேடு அல்ல. குறளை நன்கு கற்ற குடும்பம் இவ்விரண்டையும் பிரித்தறியும்.

வடமொழியில் காளிதாசர் மறதியைக் குற்றமெனக் கொள்ளாமல் சாபமாக அமைத்தார். துருவாசரின் சாபத்தால் துஷ்யந்தன் சகுந்தலையை மறக்கிறான். மீன் வயிற்றிலிருந்து கணையாழி கிடைத்ததும் எல்லாம் நினைவுக்கு வருகிறது. மறந்தவன் மீது வெறுப்புக் கொள்ளாதிருக்க இக்கதை நமக்குக் கற்பிக்கிறது, அதுவரை நன்று. ஆனால் கணையாழி ஒன்று எங்கோ இருக்கிறது, அதைக் காட்டினால் போதும் என்ற நம்பிக்கையையும் சேர்த்தே கற்பித்துவிடுகிறது. பழைய புகைப்படத்தைத் தந்தையின் கண்முன் நீட்டி, “இது யாருன்னு சொல்லுங்க, பார்ப்போம்,” என்று மீண்டும் மீண்டும் கேட்கும் பிள்ளைகள் எல்லாரும் கணையாழியைத் தேடுபவர்களே. இந்நோய்க்குக் கணையாழி இல்லை.

லியர் மன்னனின் விழிப்பு

இவ்விடத்தில், கல்லூரியில் நம்மில் பலர் பாடமாகப் படித்த ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நினைவுக்கு வருகிறது. அறிவு கலங்கி அலைந்த எண்பது வயது கடந்த மன்னன், நான்காம் அங்கத்தின் இறுதிக் காட்சியில் கண் விழிக்கிறான். எதிரே இளைய மகள் கார்டீலியா நிற்கிறாள். தன்னைத் தெரிகிறதா என்று அவள் கேட்கிறாள். அவன் அவளை ஓர் ஆவி என்கிறான். தான் எங்கிருக்கிறோம், உடுத்திய உடை எவருடையது, நேற்றிரவு எங்கே உறங்கினோம் என எதுவும் அவனுக்கு விளங்கவில்லை. பிறகு, இப்பெண் தன் மகளாகத்தான் இருக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறான்.

நாடகத்தைப் பாராட்டுவோர் அந்த அறிதலையே பாராட்டுவர். எம் கருத்தில் அதற்கு ஒப்பான சிறப்புடையது, உடன் நிற்கும் மருத்துவரின் அறிவுரை. இழந்த காலத்தை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி அவனை வருத்துதல் ஆபத்து. உள்ளே அழைத்துச் செல்லுங்கள். மனம் அமையும்வரை தொந்தரவு செய்யாதீர்கள் என்கிறார் அவர். நோயுற்ற மனத்தைத் தேர்வுக்கு உட்படுத்தாதே என்னும் இவ்வறிவுரை நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாடக மேடையில் ஒலித்தது. நம் மேடைகளிலும் கதைகளிலும் இதற்கிணையான குரல் எழ நெடுநாளாயிற்று.

பிழைக்கப் போனவரும் இருந்துவிட்டவரும்

புலம்பெயர்ந்த குடும்பங்களின் முதியோரைப் பற்றித் தமிழ்ச் சிறுகதைகள் பேசாமல் இல்லை. ஜெயகாந்தனின் ‘முன்நிலவும் பின்பனியும்’ கதையில் பார்வையிழந்த கிழவர் ஒருவர், ரயிலில் ஊர் திரும்பும் பேரனுக்காகப் பனி கொட்டும் விடியலில் நிலையத்துக்குச் சென்று காத்திருக்கிறார். வெளியூரில் வாழும் எவரும் அதைப் படித்துக் கலங்காதிருக்க முடியாது. கண் போயிற்றே தவிர, பேரன் மீதுள்ள நினைவு ஒளி குன்றவில்லை. தொடித்தலை விழுத்தண்டினாரின் வழித்தோன்றல் அவர்.

வண்ணநிலவனின் ‘எஸ்தர்’ வேறொரு கதவைத் திறக்கிறது. பஞ்சத்தால் ஊரைவிட்டே குடும்பம் புறப்படுகிறது. உடன் வர இயலாத பாட்டியை என்ன செய்வது? புறப்படுமுன் பாட்டி இறந்துபோகிறாள். எப்படி இறந்தாள் என்பதை ஆசிரியர் உரக்கச் சொல்லவில்லை. படிப்பவர் நெஞ்சுக்கு அது தெரிந்துவிடுகிறது. பிழைக்கப் போவோர் முதியோரை விட்டுச் செல்லும் கேள்வியை இத்துணை அச்சமின்றிக் கேட்ட கதை தமிழில் அரிது. ஆயினும் அங்கே விடை மரணமே. இருந்து வாழும் ஆண்டுகளை அக்கதை தொடவில்லை. தொட வேண்டிய கடமையும் அதற்கு இல்லை.

1989-இல் வந்த பாலுமகேந்திராவின் ‘சந்தியா ராகம்’ திரைப்படம் அவ்வாண்டுகளைத் தொட்டது. சொக்கலிங்க பாகவதர் நடித்த கிழவர், மனைவி இறந்தபின் நகரத்து உறவினர் வீட்டுக்கு வருகிறார். அங்கே இடம் போதாமையையும் பணம் போதாமையையும் காண்கிறார். மனம் நொந்து முதியோர் இல்லம் செல்கிறார். எவரையும் கொடியவராக்காத படம் அது. இருப்பினும் அதற்குப் பின் எழுந்த எண்ணற்ற மேடை நாடகங்களும் மலர்க்கவிதைகளும் முதியோர் இல்லத்தை நன்றிகேட்டின் சின்னமாகவே ஆக்கிவிட்டன. தாயை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் போகும் மகன், அவன் நலம் வேண்டி உள்ளே விளக்கேற்றும் தாய் என ஒரே வார்ப்பில் நூறு கவிதைகள்! அவற்றில் வரும் தாய்க்கு எல்லாம் நினைவிருக்கிறது. மகனின் பெயரை மறந்தவள், அடுப்பை அணைக்க மறந்தவள், நள்ளிரவில் கதவைத் திறந்து தெருவில் நடந்துவிடுகிறவள் அக்கவிதைகளில் இல்லை. அவளைக் காக்கும் பொறுப்புடையவர்க்கு அக்கவிதைகள் தருவது பழிச்சொல் ஒன்றே.

அடையாளம் கேட்டால் என்ன சொல்வோம்?

மறதி நோயையே பொருளாகக் கொண்ட படைப்புகள் இந்நூற்றாண்டில் வந்தன. பத்மராஜனின் சிறுகதையிலிருந்து பிளெஸ்ஸி ஆக்கிய ‘தன்மாத்ர’ (2005) என்ற மலையாளப் படத்தில், மோகன்லால் ஏற்றது திருவனந்தபுரம் தலைமைச் செயலக ஊழியரின் பாத்திரம். கோப்பும் குடும்பமுமாக வாழும் நடுத்தர மனிதர் ஒருவரிடமிருந்து நினைவு மெல்ல நழுவுவதை அப்படம் காட்டியது. எழுத்தர் பணியில் இருப்போர்க்கு அதன் அச்சம் எளிதில் விளங்கும்.

தமிழில் ராதாமோகனின் ‘60 வயது மாநிறம்’ (2018), ஹேமந்த் ராவ் இயக்கிய 2016-ஆம் ஆண்டுக் கன்னடப் படத்தின் மறுவாக்கம். அதன் கதை நம் கதை. மகன் வெளிமாநிலத்தில் வேலை. தந்தை சென்னையில் பராமரிப்பு இல்லத்தில். பார்க்க வந்த மகன் வெளியே அழைத்துச் சென்ற நாளில் தந்தை தொலைந்துபோகிறார். கும்பலும் கொலையுமாகப் பின்னப்பட்ட கிளைக்கதை படத்தின் ஆழத்தைக் குறைக்கிறது என்பது உண்மையே. ஆனால் அதன் தலைப்பு ஒரு முழுத் திறனாய்வுக்குச் சமம். காணவில்லை என்னும் அறிவிப்பில் இடம்பெறும் அடையாளம் அது. ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதும் வயதாகவும் நிறமாகவும் சுருங்கிவிட்டது. தேடும்போதுதான் தன் தந்தை எத்தகையவர் என்பதை மகன் பிறர் வாயிலாக அறியத் தொடங்குகிறான்.

தந்தைக்கு மகனைத் தெரிகிறதா என்பது அதுவரை நாம் கேட்டுவந்த கேள்வி. மகனுக்குத் தந்தையைத் தெரியுமா என்று இப்படம் திருப்பிக் கேட்டது. தமிழில் இந்நோயைப் பற்றி எழுந்த கேள்விகளுள் இதுவே தலையாயது என்போம். நம்மிடம் அடையாளம் கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

உரையாசிரியர் வழி

இக்கேள்விக்கு விடை தேட நாம் வெளியே போக வேண்டியதில்லை. சிதைந்தவற்றைப் பேணிய வழி நம் மரபிலேயே உண்டு. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சிட்டபோது அவர் கையிலிருந்தவை செல்லரித்த ஏடுகள். 267, 268-ஆம் பாட்டுகள் கிடைக்கவேயில்லை. வேறு பல பாட்டுகளில் அடிகள் முறிந்திருந்தன. பழைய உரையும் 266-ஆம் பாட்டோடு நின்றுவிட்டது. ஐயரவர்கள் என்ன செய்தார்? விடுபட்ட இடத்தைத் தம் கற்பனையால் நிரப்பவில்லை, புள்ளியிட்டு விட்டுவைத்தார். விளங்காத சொல்லைப் பிழையென்று வீசவில்லை. வேறு ஏட்டோடு ஒப்பிட்டார். சிந்தாமணியில் சமணக் கருத்துகள் விளங்காதபோது கும்பகோணத்துச் சமணரை நாடிச் சென்று கேட்டறிந்தார்.

மறதியுற்ற பெற்றோர் சிதைந்த ஏட்டை ஒத்தவர். பிள்ளைக்கு உரியது பதிப்பாசிரியர் கடமை.

எம் தந்தையார் இராமநாதபுரம் பகுதியிலிருந்து அறுபதுகளில் கப்பலேறி வந்து, 1883-இல் நிறுவப்பட்ட சாத்தம் மரஅறுவை ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஊர் திரும்பினார், தாயார் மறைந்தார், மறதி கூடியது. இன்று மதுரையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். அங்குள்ள பணிப்பெண் அன்புடையவர். ஆயினும் முதல் சில வாரங்களில், “தாத்தா ஏதோ உளறுறாங்க, சார், ஒண்ணும் புரியல்ல,” என்று தொலைபேசியில் கூறுவார். என்ன சொல்கிறார் என்று கேட்டோம். “பானி, பானின்னு கேக்குறாங்க. பானையக் காட்டினா கோவிச்சுக்கிறாங்க. ஜஹாஸ் வந்தாச்சா, படாக் எறக்கியாச்சாங்கிறாங்க.”

இத்தீவில் வாழும் சிறு பிள்ளைக்கும் இதன் பொருள் தெரியும். பானி தண்ணீர், ஜஹாஸ் கப்பல், படாக் நம் காட்டின் செம்மரம். நாற்பது ஆண்டுகள் தமிழும் இந்தியுமாகக் கலந்து பேசிய மனிதர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். வேலை நடக்கிறதா என்று விசாரித்தார். அவர் பேசியது உளறல் அன்று; உரை இல்லாத மூலம். சிலப்பதிகாரத்துக்கு அரும்பதவுரை இருப்பதுபோல, அவர் சொற்களுக்கு ஒரு பக்க அகராதி எழுதி அலமாரிக் கதவில் ஒட்டச் செய்தோம். ரோஸ் தீவு 2018 முதல் நேதாஜி பெயரைத் தாங்குகிறது என்பதும், போர்ட் பிளேயர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்பதும் அவர்க்கு எட்டாத செய்திகள். ஆதலின் பழைய பெயர்களையே அதில் எழுதினோம். அவருடன் ஆலையில் வேலை பார்த்த முதியவர் இருவரைக் கண்டு, நாம் அறியாதவற்றைக் கேட்டுச் சேர்த்தோம். சங்கு ஊதும் நேரத்தில் அவர் எழுந்து சட்டையைத் தேடுவார் என்பதை அவர்கள்தாம் சொன்னார்கள். இப்போது அந்த விடியல் நேரத்தில் பணிப்பெண் சட்டையை எடுத்துக் கொடுத்து, தேநீரும் தருகிறார். அவர் அமைதியாக உட்கார்ந்துகொள்கிறார்.

நோய் இதனால் குறையவில்லை. எம் பெயர் அவர்க்கு மீளவுமில்லை. காணொளி அழைப்பில் எம்மை ஒருநாள் ஆலை மேலாளராகவும் ஒருநாள் தம் அண்ணனாகவும் கொள்கிறார். மேலாளராகில் மரக்கணக்குக் கேட்கிறோம், அண்ணனாகில், “சாப்பிட்டியாடா?” என்கிறோம். விடுபட்ட அடியில் நம் பெயரை எழுதி நிரப்புவது பதிப்பு முறையன்று.

இலக்கியம் செய்ய வேண்டுவது

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை வற்புறுத்துகிறது. பெற்றோரைக் கைவிடுதலைக் குற்றமாக்குகிறது. தேவையான சட்டம் அது. ஆனால் ஒரு மனிதர் யாராக இருந்தார் என்று நினைவில் வைத்திருக்கும்படி எச்சட்டமும் ஆணையிட இயலாது. அங்கேதான் இலக்கியத்தின் பணி தொடங்குகிறது.

பெற்றோரை இல்லத்தில் சேர்த்தோரையெல்லாம் ஒரே கோலால் அளக்கும் எழுத்தை நம் மலர்கள் இனி ஏற்க வேண்டா. வாசலில் நிகழ்ந்ததைக் கொண்டு ஒருவரை எடை போடாது, அதன்பின் வந்த திங்கள்களையும் ஆண்டுகளையும் கொண்டு எடை போடும் கதைகள் வேண்டும். மாதம் தவறாமல் பணம் அனுப்பி, ஒரு சொல் அனுப்பாதவர்களும் உளர். ஈட்டிய விடுப்பைச் சேர்த்துவைத்து, மூன்று நாள் கப்பலில் சென்று, தம்மை யாரென்று அறியாத தாயின் தலையை வாரிவிட்டுத் திரும்புகிறவர்களும் உளர். இவ்விருவர்க்கும் இடையிலுள்ள தொலைவை அளப்பதே இக்காலத் தமிழ்க் கதைஞர்க்குரிய வேலை.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இத்தீவுகளைத் தம் உழைப்பால் ஆக்கிய முதல் தலைமுறைத் தமிழர் பலர் எண்பதைத் தொட்டுவிட்டனர். எந்தக் கப்பலில் வந்தனர், எங்கே வேலை பார்த்தனர், எப்பெயரால் அழைத்தால் திரும்புவர், எச்சொல்லுக்கு என்ன பொருள் கொள்வர் என்பதை, அவர்கள் நினைவு தெளிவாக இருக்கும்போதே ஒவ்வொரு குடும்பமும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் நலம். சங்கம் அதற்கு ஒரு படிவம் அச்சிட்டு வழங்கலாம். செலவு சிறிது, பயன் பெரிது. ஏடு முழுமையாக இருக்கும்போதே படியெடுத்து வைப்பது அறிவுடைமை. செல்லரித்த பின்னும் அதைக் கையில் ஏந்தி, எஞ்சியுள்ள சொற்களை மதித்துப் படிப்பது அன்புடைமை. நம் முன்னோர் இரண்டையும் செய்து காட்டியிருக்கின்றனர்.